இரண்டு வாசல்களுக்கும் ஒரே வண்டி

அன்பின் வடிவே! ஆலய வண்டியின் அச்சாணியே! மழையென்றும் வெயிலென்றும் பாராமல், முழங்கால் வலிக்காரரையும் மூச்சிரைப்புக்காரரையும் முன்னிருக்கையில் அமர்த்தி, முகம் கோணாமல் அழைத்துவந்த மூத்த சகோதரரே! இருபத்தொன்பது ஆண்டுகளாக ஞாயிறுதோறும் எங்கள் தெருக்களில் ஹாரன் ஒலித்து, தூங்கியவரை எழுப்பி, சோம்பியவரைக் கிளப்பி, பாதி தலை வாரிக்கொண்டே "இதோ வந்துட்டேன்" என்று பொய் சொன்னவருக்கும் பொறுமையாகக் காத்திருந்த எங்கள் ஹாரன் அண்ணனே! பணி நிறைவு பெறும் இந்நன்னாளில் தங்களை நெஞ்சார வாழ்த்தி, சபையார் சார்பில் இம்மடலைப் படைக்கிறோம்.

இதைச் செந்தமிழில், எதுகை மோனையோடு, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவேண்டும் என்று சபைக் குழுவினர் அலுவலக எழுத்தராகிய எனக்குக் கட்டளையிட்டார்கள். மோனை முதல் பத்தியோடு தீர்ந்துவிட்டது. பக்கமும் மிகுந்துவிட்டது. கண்ணாடிச் சட்டம் போடுகிறவர் தயவுசெய்து கொஞ்சம் பெரிதாகப் போட்டுக்கொள்ளட்டும்.

ஒரு மாத காலமாகத் தாங்கள் எதிர்ப்பட்ட எல்லாரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டு வருகிறீர்கள். "எனக்கப்புறம் நர்ஸம்மாவ யாரு ஏத்துவாங்க?" போதகர் ஐயாவிடம் கேட்டீர்கள், ஜெபிப்போம் என்றார். செயலாளரிடம் கேட்டீர்கள், தொண்டையைக் கனைத்தார். என்னிடம் கேட்டீர்கள், நான் கணினித் திரையைப் பார்த்தபடி தலையைச் சொறிந்தேன். அண்ணே, பதில் இந்த மடலில் இருக்கிறது. அதை முதலிலேயே வாசித்துவிட்டால், "அப்ப சரி" என்று எழுந்து வண்டியைத் துடைக்கப் போய்விடுவீர்கள் என்று கடைசியில் வைத்திருக்கிறேன். அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்து, எங்கள் புகழ்ச்சியைச் சகித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கடமையின் கண்ணே! தாங்கள் பணியேற்றபோது ஆலயத்துக்கு இருந்தது ஒரு பச்சை வண்டி. அதன் பின்கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்ட வேண்டும். கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ள ஒருவர் வேண்டும் என்று பாடகர் குழுவிலிருந்து குண்டான ஒருவரைத் தாங்களே தேர்ந்தெடுத்தீர்கள். அதற்குப் பின் வந்தது இப்போதைய வெள்ளை வண்டி. பதினான்கு பேர் அமரலாம் என்று கதவில் எழுதியிருக்கிறது. பத்தொன்பது பேரை அமர்த்தினீர்கள். ஏற முடியாதவர்களுக்காகப் பழைய பிரசங்க மேடையின் பலகையை அறுத்து ஒரு ஸ்டூல் செய்தீர்கள். மேடையின் பலகையைக் காணோம் என்று நாங்கள் இரண்டு மாதம் தேடினோம். எந்த வாசலில் இடது கால் முதலில், எந்த வாசலில் வலது கால் முதலில் என்பது தங்களுக்குத்தான் தெரியும்.

நேரத்தைக் காத்தவர் என்று பாராட்டுவது இத்தகைய மடல்களின் வழக்கம். அப்படி எழுதினால் இந்த அரங்கமே சிரித்துவிடும். ஆராதனை எட்டரை மணிக்கு என்று பலகையில் இருக்கும். அண்ணன் வண்டி வந்தபின் என்பதே நடைமுறை. ஹாரன் அடித்து யாரும் வெளியே வராவிட்டால் வண்டி நகராது. தாங்கள் இறங்குவீர்கள், கதவைத் தட்டுவீர்கள், கொல்லைப்புறம் போய் ஜன்னலில் எட்டிப் பார்ப்பீர்கள். அப்படிப் பார்த்த ஒரு ஞாயிறன்றுதான், தனியாக வாழ்ந்த கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் சமையலறைத் தரையில் விழுந்து கிடந்தார். வண்டியில் இருந்த பதினாறு பேரோடு அவரையும் ஏற்றிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் பிரசங்கக் குறிப்போடு நின்ற அப்போதைய போதகர், கோபித்துக்கொள்ளலாமா என்று சற்று யோசித்துவிட்டு, ஓர் ஆட்டோ பிடித்து அவரும் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். அன்றைய ஆராதனை அந்த வராந்தாவில்தான் நடந்தது. பெரியவர் அதற்குப் பின் ஒன்பது ஆண்டுகள் இருந்தார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இது வேறு யாருக்கோ எழுதியது என்று எல்லாரும் நினைப்பார்கள். தாங்கள் பாடினால் சுருதிப் பெட்டியே தடுமாறும். பிரசங்கம் தொடங்கிய ஐந்தாம் நிமிடம் கடைசி பெஞ்சில் தங்கள் தலை சாயும், ஆனால் திரும்பும் வழியில், "இன்னைக்கு ஐயா சொன்னது ஒண்ணுதான். கோவத்த வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க" என்று முக்கால் மணி நேரப் பிரசங்கத்தை ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். விழித்திருந்து கேட்ட எங்களுக்கு அந்த வரி அகப்பட்டதில்லை.

இனி, எல்லாரும் அறிந்தும் யாரும் மேடையில் பேசாத விஷயத்துக்கு வருகிறேன். செயலாளர் நெளிய வேண்டாம். நானும் நெளிந்துகொண்டுதான் வாசிக்கிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நம் சபை இரண்டாகியது. காரணத்தை வெளியாரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆலயத்தில் மர பெஞ்சுகள் இருக்கட்டும் என்றார் நம் செயலாளர். தூக்கிப் போட்டுவிட்டு நாற்காலி வாங்குவோம் என்றார் நர்ஸம்மாவின் மகனான காண்ட்ராக்டர். இருவரும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். பெஞ்சில் தொடங்கிய பேச்சு யார் பெரியவர் என்பதில் போய் முடிந்தது. நாற்பத்தாறு குடும்பங்கள் வெளியேறி, இரண்டு தெரு தள்ளி, இரும்புக் கடைக்கு மேல் ஒரு மாடிக் கூடத்தை வாடகைக்கு எடுத்தார்கள். நாற்காலி கேட்டுப் போனவர்களுக்கு அங்கே கிடைத்தவை பெஞ்சுகள். பெஞ்சுக்காக நின்ற நமக்கோ கரையான் வந்து, அடுத்த ஆண்டே நாற்காலி வாங்க வேண்டியதாயிற்று. அதன் பிறகும் யாரும் யாரோடும் பேசவில்லை. இரண்டு இடத்திலும் அதே பாட்டுகளைப் பாடி, அதே கர்த்தரைத் தொழுது, தெருவில் எதிர்ப்பட்டால் செல்போனை எடுத்துப் பார்த்துக்கொண்டோம்.

அந்த நாட்களில் இருவர் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. ஒருவர் நர்ஸம்மா. இந்த ஊரில் பாதிப் பேரைத் தம் கையால் பிரசவம் பார்த்து உலகத்துக்குக் கொண்டுவந்தவர். இப்போது எண்பத்தொரு வயது, முழங்கால் மடங்காது. மற்றவர் தையலக்கா. அறுபது ஆண்டுகள் ஊசியில் நூல் கோத்துக் கண்ணைத் தொலைத்தவர். வண்டியில் இரண்டாவது வரிசை அவர்களுடையது. பாட்டுப் புத்தகத்தை நர்ஸம்மா வாசிப்பார், நர்ஸம்மாவின் பையைத் தையலக்கா சுமப்பார். சபை பிரிந்தபோது நர்ஸம்மா மகனோடு மாடிக் கூடத்துக்குப் போகவேண்டியதாயிற்று. மகனோ பெஞ்சு அடுக்க விடியற்காலை ஆறு மணிக்கே காரில் போய்விடுவார். "அவன்கூடப் போனா ஆறு மணியிலேர்ந்து ஒக்காரணும். என் முட்டி தாங்காது. நான் என் வண்டியிலயே வர்றேன்" என்று நர்ஸம்மா சொல்லிவிட்டார். தாங்களும் மறு பேச்சில்லாமல் முதலில் மாடிக் கூடத்தில் அவரையும் பிரிந்துபோன வேறு நால்வரையும் இறக்கிவிட்டு, மீதிப் பேரை ஆலயத்தில் இறக்கினீர்கள். அந்த இருவருக்கும் வாரத்தில் ஒரே சந்திப்பு அந்த வண்டியின் முப்பது நிமிடம்தான்.

ஓராண்டு கழித்து நம் குழு ஓர் உத்தரவு போட்டது. பிரிந்து சென்றோரை ஆலய வாகனத்தில் ஏற்றலாகாது. மீறினால் பணிநீக்கம், குடியிருப்பைக் காலி செய்தல். அதைக் கணினியில் அடித்த விரல்கள் இந்த மடலைப் பிடித்திருக்கும் இதே விரல்கள்தான். ஓர் எழுத்துப் பிழைகூட இல்லாமல் அடித்தேன்.

தங்களுக்கு அப்போது வயது ஐம்பத்தெட்டு. குடியிருந்ததோ ஆலயத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீடு. கடைக்குட்டி மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு. உத்தரவை வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இரண்டு தரம் வாசித்தீர்கள். அன்று மாலையே குழு கூடியிருந்த அறைக்குள் வந்து நின்றீர்கள். குறிப்பெழுத நான் ஓரத்தில் இருந்தேன். ஆதலால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

"ஐயா, இதுல பிரிந்து சென்றோர்னு போட்டிருக்கு. எனக்கு அப்படிச் சொன்னா வெளங்காது. பேர எழுதிக் குடுத்துடுங்க" என்றீர்கள்.

"எழுதிக் குடுக்கறோம். அதுக்கென்ன?" என்று செயலாளர் பேனா மூடியைத் திறந்தார்.

"ஒவ்வொரு பேருக்குப் பக்கத்துலயும் ஒரு வரி எழுதணும் ஐயா. இவங்க இனிமே நமக்குச் சகோதரி இல்ல, இவர் நமக்குச் சகோதரர் இல்லன்னு. யாராவது வாசல்ல நின்னு கேட்டா நான் காட்டணும்ல? எழுதிட்டு எல்லாரும் கீழ கையெழுத்துப் போட்டுடுங்க. வண்டிக் கண்ணாடில ஒட்டிடறேன்."

செயலாளர் முதல் பெயராக நர்ஸம்மாவின் பெயரை எழுதினார். பக்கத்தில் வரி எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. செயலாளரைத் தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டி முதல் அழுகையை அழவைத்ததே நர்ஸம்மாதான். அவருடைய இரண்டு பிள்ளைகளுக்கும் அதே கைதான். "நீங்க எழுதுங்களேன்" என்று பேனாவைப் பக்கத்தில் தள்ளினார். பக்கத்தில் இருந்தவர், மூக்குக்கண்ணாடி வீட்டில் இருக்கிறது என்றார். அது அவர் மூக்கின் மேலேயே இருந்தது. அடுத்தவருக்குத் திடீரென்று தண்ணீர் தவித்தது. பேனா ஏழு பேரையும் சுற்றிக்கொண்டு செயலாளரிடமே வந்து சேர்ந்தது. உத்தரவை ரத்துச் செய்யவும் மனமில்லை, நிறைவேற்றவும் கையில்லை. மறுபரிசீலனைக்கு வைக்கப்படுகிறது என்று என்னை எழுதச் சொன்னார்கள்.

"அப்ப ஞாயித்துக்கெழம வழக்கம்போலதான?" என்று கேட்டீர்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தாங்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டீர்கள்.

அஞ்சாநெஞ்சரே என்று இங்கே எழுதவேண்டும். எழுத மாட்டேன். கூட்டம் முடிந்து நான் வண்டிக் கொட்டகைப் பக்கம் வந்தபோது, தாங்கள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஓட்டாத வண்டியில் உட்கார்ந்திருந்தீர்கள். "பயமா இருக்கு தங்கச்சி. எப்ப வேணா அந்தக் காகிதத்த எடுப்பாங்க. வீடு போயிடும். சின்னவ படிப்பு நின்னுடும். ஆனா அந்த அம்மா பையோட வாசல்ல நிப்பாங்களே, நான் எப்படித் தாண்டிப் போறது?" என்றீர்கள். அந்த ஞாயிறு வண்டியில் ஏற வெட்கப்பட்டு, நடந்தே போய்விடலாம் என்று சீக்கிரமே செருப்பை மாட்டினேன். தெருமுனையில் பிடித்துவிட்டீர்கள். "டைப் அடிக்கறது உன் வேல. ஓட்டறது என் வேல. ஏறு, நேரமாச்சு" என்றீர்கள். நேரமாவதைப் பற்றித் தாங்கள் கவலைப்பட்டு நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்.

விசுவாசத்தைப் பற்றி எங்களுக்கு நிறையப் பேசத் தெரியும். கர்த்தரை நேசிக்கிறோம் என்று நான்கு குரலில் பிரித்துப் பாடத் தெரியும். ஒரே கர்த்தரை நேசிக்கும் பக்கத்து சீட்டுக்காரரை நேசிப்பது எப்படி என்று கேட்டால் மட்டும் ஆளுக்கு ஆள் பேனாவைத் தள்ளுவோம். தாங்கள் அதைப் பற்றி ஒரு சாட்சியும் சொன்னதில்லை. விசுவாசி என்றால் ஏற்றிவிடவேண்டும், அவ்வளவுதான் தங்களுக்குத் தெரிந்த இறையியல். அதைப் பார்த்து எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது, அண்ணே. இவ்வளவு எளிதாகச் செய்துகாட்டினால் எங்கள் வாதங்களை எல்லாம் நாங்கள் எங்கே கொண்டுபோய் வைப்பது?

அடுத்து நடந்ததைச் சொல்லும்போது செயலாளரே சிரிக்கிறார், பாருங்கள். தங்களைக் கண்காணிப்பதற்காக அவர் தம் காரை விட்டுவிட்டு ஆலய வண்டியில் முன்னிருக்கையில் வரத் தொடங்கினார். மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். முதல் வாரம் யார் யார் ஏறினார்கள் என்று குறித்தார். இரண்டாம் வாரம், தாங்கள் நர்ஸம்மாவின் கையைப் பிடித்திருந்ததால் ஸ்டூலை எடுத்துப் போட ஆளில்லாமல், முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போட்டார். மூன்றாம் வாரம் தாமாகவே இறங்கினார். "நீ பொறந்தப்ப ரெண்டே முக்கா கிலோ. இப்ப பாரு" என்று நர்ஸம்மா அவர் தோளில் பாரத்தைப் போட்டு ஏறினார். நோட்டுப் புத்தகம் அதன்பின் விசிறியாகத்தான் பயன்பட்டது.

பிறகு அந்தப் பெரும் பிழை. பிழை தங்களுடையதே, மறுக்க வேண்டாம். மாடிக் கூடத்தின் முன் வண்டியை நிறுத்திவிட்டு, எந்தத் தெருவில் குழி தோண்டியிருக்கிறார்கள் என்று தாங்களும் செயலாளரும் வாக்குவாதத்தில் இருந்தீர்கள். கண்ணாடியைப் பார்க்கவில்லை. வழக்கமாக வண்டியிலேயே இருக்கும் தையலக்கா, பேச்சு சுவாரசியத்தில் நர்ஸம்மாவின் பையோடு அவரும் இறங்கி, கையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து படியும் ஏறிவிட்டார். ஆலய வாசலுக்கு வந்து தலைகளை எண்ணினால் ஒன்று குறைகிறது! செயலாளரோடு வண்டியைத் திருப்பிப் பறந்தீர்கள். இருவரும் மாடி ஏறி வாசலில் மூச்சிரைக்க நின்றபோது, உள்ளே முதல் பாட்டு பாதியில் இருந்தது. தையலக்கா எல்லாரையும்விட உரக்கப் பாடிக்கொண்டிருந்தார்.

போய்க் காதில் சொன்னீர்கள். "ஐயோ, இது அந்த எடமா? அதே பாட்டா இருக்கேன்னு ஒக்காந்துட்டேன்" என்று அவர் எழுந்தார். அப்போது முன்னால் நின்ற காண்ட்ராக்டர், சபை பிரிந்த நாள்முதல் முகம் பார்க்காத செயலாளரை வாசலில் பார்த்தார். கூடம் முழுக்கப் பாட்டை நிறுத்திவிட்டது. "இருக்கட்டும்ணே, பாடி முடிக்கட்டும். நீங்களும் ஒக்காருங்க" என்றார். ஒக்காருங்க என்றது தங்களைப் பார்த்தா, செயலாளரைப் பார்த்தா என்று இன்றுவரை தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்தீர்கள். அங்கே கிடந்தது பெஞ்சு. செயலாளருக்கு ஆசைப்பட்ட இருக்கை கிடைத்துவிட்டது.

மறு வாரம் நர்ஸம்மா மாடிக் கூடத்தில் இறங்கவில்லை. "போன வாரம் அவ என்கூட வந்தா. இந்த வாரம் நான் அவகூடப் போறேன். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?" என்று நேரே நம் ஆலயத்துக்கு வந்து, நம் புது நாற்காலியில் அமர்ந்து, முதுகுக்கு நன்றாக இருக்கிறது என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். அன்றிலிருந்து ஒரு வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. அவர்களைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர். அதனால் திண்டாடியது நானும், மாடிக் கூடத்தில் வருகைப் பதிவு எழுதும் பள்ளி ஆசிரியையும்தான். ஞாயிறு மதியம் அவர் எனக்குப் போன் செய்வார். "உங்க ஆளுங்க மூணு பேர் இங்க வந்தாங்க. எங்க ஆள் ரெண்டு பேரக் காணோம், அங்க இருந்தாங்களா?" என்பார். இருந்தார்கள், நன்றாகத் தூங்கினார்கள் என்று நான் சொல்வேன். இப்போது நாங்கள் இருவரும் வருகைப் பதிவு இல்லாத நாளிலும் போனில் பேசிக்கொள்கிறோம்.

நாங்கள் ஒன்றாகிவிட்டோம் என்று இந்த மடலில் எழுதினால் பொய்யாகிவிடும். இன்னும் இரண்டு வாசல், இரண்டு பதிவேடு. செயலாளரும் காண்ட்ராக்டரும் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல் பேசினால் நடுவில் ஒருவர் போய் நிற்கவேண்டியிருக்கிறது. ஆனால் இன்று இந்த அரங்கில் இரண்டு வாசல்காரர்களும் கலந்து உட்கார்ந்திருக்கிறார்கள். தாங்களே திரும்பிப் பாருங்கள். யார் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

இப்போது தங்கள் கேள்விக்கு வருவோம், அண்ணே. மறுபரிசீலனையில் கிடந்த அந்த உத்தரவு சென்ற செவ்வாயன்று முறைப்படி ரத்துச் செய்யப்பட்டது. முன்மொழிந்தவர் செயலாளர். அதே கூட்டத்துக்கு, மூன்று ஆண்டுகளுக்குப் பின் முதல் முறையாக, காண்ட்ராக்டர் வந்திருந்தார். லாரி ஓட்டும் உரிமம் தம்மிடம் இருக்கிறது என்றும், புதிய ஓட்டுநர் அமையும்வரை ஞாயிறு வண்டியைத் தாமே ஓட்டுவதாகவும் சொன்னார். அப்படியானால் மாடிக் கூடத்தில் காலை ஆறு மணிக்கு பெஞ்சு அடுக்குவது யார் என்று ஒருவர் கேட்டார். "நான் போய் அடுக்கறேன். பெஞ்சப் பத்தி எனக்குத்தான் நல்லாத் தெரியும்" என்றார் செயலாளர். அடுக்கிவிட்டு வந்து, வண்டியில் ஏறி, ஸ்டூல் போடுவதும் அவரே. குறிப்பெழுதிக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கி இரண்டு வரி அழிந்துவிட்டது. ஆகவே, நர்ஸம்மாவை ஏற்றப்போவது யார் என்றால், அவர் பெற்ற பிள்ளையும், அவர் பிறக்கவைத்த பிள்ளையும்.

வழித்தடத்தில் ஒரு மாற்றம் மட்டும் உண்டு. தாங்கள் குடியிருப்பை விட்டு, இப்போது நர்ஸாகிவிட்ட கடைக்குட்டியின் வீட்டோடு, தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் போகிறீர்கள். ஆலயத்திலிருந்து அதுவே மிகத் தூரம். ஆதலால் வண்டி இனி பதினைந்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டு, அங்கிருந்துதான் தொடங்கும்.

எங்கள் அன்புக்குரிய அண்ணனே! ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளும், நோயற்ற உடலும், அண்ணியார் சொல்வதைக் கேட்கும் காதும், பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் சூழ நிறைந்த மகிழ்ச்சியும் அருள்வாராக! பிரசங்க வேளையில் ஆழ்ந்த உறக்கமும் குறைவின்றித் தருவாராக!

இம்மடலின் கீழே எந்தச் சபையாரின் கையெழுத்து முதலில் வரவேண்டும் என்று நேற்று மாலை ஒரு மணி நேரம் பேச்சு நடந்தது. நாங்கள் திருந்திவிட்டோம் என்று யாரும் அவசரப்பட்டு நினைக்கவேண்டாம். முடிவில், வண்டியில் ஏறும் வரிசையிலேயே கையெழுத்திடுவது என்று தீர்த்துக்கொண்டோம். இரண்டாவது நர்ஸம்மா, மூன்றாவது தையலக்கா, அப்படியே கடைசி நிறுத்தம்வரை. முதல் கோட்டை வெறுமையாக விட்டிருக்கிறோம். பேனா இதோ இருக்கிறது. எழுந்து வந்து போடுங்கள், அண்ணே. வரும் ஞாயிறு முதலில் ஏறுகிறவர் நீங்கள்தான்.

இங்ஙனம்,
தங்களோடு பயணம் செய்யும்

1. ........................
2. நர்ஸம்மா
3. தையலக்கா
மற்றும் இரு வாசல்களின் விசுவாசிகள் அனைவரும்